இருவருக்கு ஒரு சைலன்சர்

துப்பாக்கி சுடுதளத்து வேலியோரம் ஒரு பெண்மயில் அடைகாத்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை டமார்னு கேட்டுச்சு, முட்டையை விட்டுட்டுப் போயிருவேன்" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டது.

அங்கிருந்த இரண்டு துப்பாக்கிகளும் பதறிப்போய், சத்தத்தை அடக்கும் சைலன்சர் வாங்க ஓடின. இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான் தர முடியும் என்றது கடைக்காரக் கரடி.

சின்னத் துப்பாக்கி குன்றிக்கு ஒல்லியான சைலன்சர் மேல்தான் கண். மாட்டிப் பார்த்தால் இறகு மாதிரி இருந்தது. சுட்டுப் பார்த்தால் தும்மல் அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடா" என்றது பெரிய துப்பாக்கி மலையன். மலையனின் தடித்த தோட்டா அந்தத் துளைக்குள் நுழையவே நுழையாது; அதற்குப் பக்கத்திலிருந்த கனத்த, அகலவாய் சைலன்சர்தான் சரிப்படும்.

குன்றி அதை ஒருமுறை ஆசையாகத் தடவிவிட்டுக் கழற்றி வைத்தது. "அந்த அகலவாய்க்காரனையே குடுங்க. மலையன் தோட்டா போற வழியில என் தோட்டா போகாதா? எனக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதலா வந்தா வந்துட்டுப் போகுது."

மறுநாள் மலையன் சுட்டது. மயில் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அடுத்துக் குன்றி சுட்டது. சைலன்சரின் கனத்தில் மூக்கு தொங்கிப்போய், தோட்டா குறியை விட்டுப் புழுதியில் புதைந்தது. மலையன் விழுந்து விழுந்து சிரித்தது. குன்றி அதைவிடப் பலமாகச் சிரித்தது.

வேலியோரத்திலிருந்து மயில் கத்தியது: "அடேய், அந்தச் சிரிப்புக்கும் ஒண்ணு வாங்கி மாட்டுங்கடா!"