பாக்கி வாடகை

நானூற்று எண்பது ரூபாய். போன சீசனில் ஒரு பயணி அந்த வாடகையைக் கொடுக்காமலே போய்விட்டார். டிரைவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, கேட்டு வாங்கவும் போகவில்லை.

அதற்கப்புறம் அவர் டாக்ஸியின் உள்கண்ணாடி எப்போதும் கூரையைப் பார்த்தே இருந்தது. பின் சீட்டைப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டார்.

படகுத்துறை டாக்ஸி ஸ்டாண்டில் காலையிலிருந்தே ஒரே பேச்சு. தீவுக்கு விடுமுறைக்கு வந்திருக்கும் ஒரு அம்மா, ஏறுகிற டாக்ஸிக்கெல்லாம் ஆயிரம் ரூபாய் டிப்ஸ் கொடுக்கிறாராம்.

"எனக்கும் கொடுத்துச்சுல்ல!" என்றார் ஹாரன். வாய் ஓயாததால் வந்த பெயர் அது. "போன வருஷம் இங்க வந்தப்ப அந்தம்மா வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரில கொண்டுவந்து விட்ட புண்ணியவான் நீங்களான்னு கேட்டுச்சு. நான்தாம்மான்னு ஒரே போடா போட்டேன்."

"அடப்பாவி, நானும் அதையேதானே சொன்னேன்!" என்றார் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"நானும்தான்," என்றது இன்னொரு குரல். "ஒரு மனுஷன் எத்தனை டாக்ஸிலய்யா ஏறுவார்?"

ஸ்டாண்டே சிரித்தது.

"நம்பிடுச்சான்னுதான் தெரியல," என்றார் ஹாரன். "காசை நீட்டிட்டு நோட்டைப் பாக்கல, நம்ம மூஞ்சியவே பாக்குது. வாங்கினதும் இறங்கிப் போயிடுச்சு. ஒரு கேள்வி கேக்கல." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "அடுத்த முறை உனக்குத்தான்டா, ஊமைக்கோட்டான். வாயைத் திறந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. ஆயிரம் ரூபாய்!"

டிரைவர் சிரிக்கவில்லை. முறையை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று சாவியைத் திருகினார். அதற்குள் பின் கதவு திறந்து மூடியது.

"கலங்கரை விளக்கம் வரைக்கும் போலாமா தம்பி?" என்றது ஒரு பெண் குரல்.

கடலோர வளைவு வந்தபோது அவர் வேகத்தைக் குறைத்தார். இதே வளைவில்தான், போன வருஷம் பட்டப்பகலில், பின் சீட்டிலிருந்து அந்தப் பயணியின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் சரிந்திருந்தார்.

ஆஸ்பத்திரி வரைக்கும் பறந்ததெல்லாம் சரிதான். ஆனால் லைசென்ஸ் காலாவதியாகி இருந்தது. வண்டிக்கு இன்னும் பாதித் தவணை பாக்கி, வீட்டில் படிக்கிற பெண்கள். வாசல் பெஞ்சில் அவரைக் கிடத்திவிட்டு, யாரும் பேர் கேட்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். பெஞ்சிலிருந்து அந்த மனிதரின் கை தன் பக்கமாக உயர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை.

உயிர் போய்விட்டது என்று பிறகுதான் கேள்விப்பட்டார். அந்த மனிதர் இறங்கிவிட்டார், குரல் இறங்கவில்லை. காலி வண்டியில் போகும்போதும் பின் சீட்டு ஸ்பிரிங் ஒருமுறை முனகும்.

இப்போதும் முனகியது. அந்தம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடி ஏன் தம்பி மேல பாக்குது?"

"வெயில் கூசுதும்மா."

கலங்கரை விளக்கத்தடியில் வண்டி நின்றதும் முன் சீட்டுக்கு மேலாக ஒரு கை நீண்டது. விரல்களுக்கிடையில் மடித்த நோட்டுகள்.

"என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரில சேர்த்தது நீங்களா தம்பி? அவர் பர்ஸ்ல வெச்ச காசு வெச்சபடியே இருந்துச்சு. உங்க வாடகைய அவர் கொடுக்கல."

"நான் இல்லம்மா."

"மத்தவங்க எல்லாரும் நான்தான்னாங்க."

"அப்ப அவங்கள்ல ஒருத்தரா இருக்கும்."

"சரி, டிப்ஸா வெச்சுக்குங்க."

"வேணாம்மா. இன்னிக்கு வாடகையும் வேணாம், இறங்கிக்குங்க." திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

நீண்ட கை அப்படியே இருந்தது.

"அவருக்குக் கடன்னாலே ஆகாது தம்பி. பால்காரருக்குப் பாக்கி இருந்தாக்கூட சாப்பாடு இறங்காது. போற வழியில அவரைக் கடன்காரரா விட்டுட்டேனேன்னு எனக்கு ஒரு வருஷமா தூக்கமில்ல." குரல் உடைந்தது. "இந்த ஒரு பாக்கியத் தீர்க்காம நான் எப்படி ஊருக்குப் போறது?"

டிரைவர் முன்னால் தெரிந்த கடலையே பார்த்தார். தானும் ஒரு வருஷமாகத் தூங்கவில்லை என்று சொல்ல முடியுமா? கடற்காற்றில் கதவு லேசாக ஆடியது. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு அந்தம்மா இன்னும் காத்திருந்தார்.

இப்படியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டால் போதும், இறங்கிவிடுவார்.

"நிம்மதியாப் போங்கம்மா," என்றார். "அந்த வாடகை அன்னிக்கே தள்ளுபடி ஆயிடுச்சு. அவர் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்ல."

நோட்டுகள் மெல்லப் பின்வாங்கின. கைப்பை மூடும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று அவர் மூச்சுவிட்டார்.

அந்தம்மா இறங்கவில்லை. வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக டிரைவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பாக்கி வரவேண்டியவர்தான் தம்பி அதைத் தள்ளுபடி பண்ண முடியும். சொல்லுங்க, அவர் கடைசியா என்ன சொன்னார்?"