அவருடைய புள்ளடி

பென்சிலை நூலில் கட்டியிருந்தார்கள். அதுவும் மொட்டைப் பென்சில்.

பென்சில் அவளுடைய கையில். வாக்குச்சீட்டு அவருடையது.

அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்தபடி நின்றார். செல் குண்டு விழுந்து கண் போன நாளிலிருந்து அவருடைய கைக்கு அதுதான் இடம். பதினைந்து வருடம்.

மட்டை மறைப்புக்குள் இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பார்வையற்ற கணவருக்குத் துணையாக வந்திருக்கிறேன், அவர் சொல்கிறபடியே அடையாளமிடுவேன் என்று இப்போதுதான் அலுவலர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"கீழ, கடைசி," என்றார் மெல்ல. "பூட்டுச் சின்னம்."

தெரியும். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. மூன்று நாளும் சம்பலில் உப்புக் கூடியது. அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நாட்டுக்கு ஒரு சனாதிபதி வேண்டுமாம். கேட்டு நின்றவர்கள் மூன்று பேர். மூன்றும் மூன்று ரகம், ஒன்றும் உருப்படியில்லை.

மேலே மணிக்கூடு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து கைகூப்பிவிட்டுப் போகிறவர். போன முறை சொன்ன குழாய்க்கிணறே இன்னும் வரவில்லை.

நடுவில் ஏணி. சண்டைக் காலத்தில் மந்திரியாக இருந்தவர். அன்றைக்கு வாய் திறக்காதவர் இன்றைக்கு மேடையில் அழுதார். காணாமல்போனவர்களின் பட்டியலை வெளியில் விடுவேன் என்றார். அந்த அழுகையை அவள் நம்பவில்லை. ஆனால் மேடையால் இறங்கி வந்து நிமலனின் பெயரை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பிழையில்லாமல் எழுதினார்.

அவளுக்கு அது போதும்.

நிமலன் அவளுடைய தம்பி. ஒரு மணித்தியால விசாரணை என்றார்கள். முகாம் வாசலில் அவளே கொண்டுபோய் விட்டாள். சோறு கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

கீழே பூட்டு. அந்த முகாமுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி.

அவனுக்குத்தான் இவருடைய வாக்கு.

"அவனொருத்தன்தான் செய்ததை இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் மூன்று நாளும். "பொய் சொல்லாதவனிட்டத்தான் நாளைக்குப் போய்க் கேக்கலாம்."

நியாயம் மாதிரித்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

அவள் முழங்கையை அசைக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் நகர்த்தினாள்.

நடுக் கட்டத்தில் புள்ளடி போட்டாள்.

"போட்டிட்டீரோ?"

"ஓம்."

சீட்டை மடித்து அவரிடம் கொடுத்தாள். பெட்டியின் வாயைத் தடவிப் பார்த்து அவரே போட்டார். மூடியில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவரைச் சுவரோரம் மர வாங்கில் இருத்திவிட்டுத் தன்னுடைய சீட்டை வாங்கினாள். சுண்டுவிரலில் மை பூசினார்கள். திரும்பவும் அதே மறைப்பு, அதே மொட்டைப் பென்சில். முழங்கையில் மட்டும் யாருடைய கையும் இல்லை.

பென்சிலை ஏணிக்கு நேரே வைத்தாள்.

எடுத்தாள்.

வீட்டுக்கு வருகிற கடிதம், மருந்துத் துண்டு, கண் ஆஸ்பத்திரிக் காகிதம், எல்லாவற்றையும் அவள்தான் வாசித்துச் சொல்வாள். ஒருநாளும் அவர் அதை இன்னொருவரிடம் கொடுத்துக் கேட்டதில்லை. பச்சை என்று சொல்லி நீலச் சட்டையைக் கொடுத்தாலும் போட்டுக்கொண்டு போகிற மனிதர்.

வரிசையில் யாரோ இருமினார்கள். அலுவலர் எட்டிப் பார்த்தார்.

திரும்ப வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

அவரிடமிருந்து எடுத்ததைக் கொடுக்க அவளிடம் இந்த ஒரு தாள்தான் இருந்தது.

பென்சில் கீழே, கடைசிக் கட்டத்துக்குப் போனது. முதல் கோடு வளைந்துவிட்டது. இரண்டாவது கோட்டைத் தாள் கிழியப் பார்க்கும் அளவுக்கு அழுத்தினாள்.

"மன்னிச்சுக்கொள்ளடா தம்பி," என்றாள் வாய்க்குள்.

பூட்டுக்கு ஒன்று. அவர் கேட்டது கேட்டபடி பெட்டிக்குள் விழுந்தது. எண்ணுகிறவர்கள் யாருடைய தாள் என்றா பார்க்கப்போகிறார்கள்?

வெளியே பள்ளிக்கூட மைதானம் முழுக்க வெயில். அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பாதித் தூரம் வந்தார்கள்.

"நடுவிலதானே போட்டனீர்?"

அவளுக்குக் கால் நின்றுவிட்டது.

"அசைக்கேல்லை எண்டு நினைச்சீராக்கும். பதினைஞ்சு வருசமா இந்த முழங்கையாலதான் பாக்கிறன். இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

குரலில் கோபமில்லை.

"அந்த இடத்திலேயே சொல்லியிருப்பன். நிமலனை நினைச்சன். வாசல்வரை கொண்டுபோய் விட்டது நீர். நான் என்ன சொல்லுறது? பேசாமல் பெட்டிக்குள்ள போட்டிட்டன்."

சிரித்தார். பெட்டியடியில் சிரித்த அதே சிரிப்பு.

"எங்கட வீட்டில இப்ப ரெண்டு ஏணி. பூட்டுக்கு ஒண்டுமில்லை. சந்தோசம்தானே?"

அவள் சுண்டுவிரலைப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை.

சொல்லிவிட வாய் திறந்தாள். முழங்கை மட்டும் நடுங்கியது.

அவர் நின்றார்.

"என்ன, படியோ?"

"ஓம்," என்றாள்.

வெறும் மைதானத்தில் அவர் கவனமாகக் காலைத் தூக்கி வைத்தார்.