வளைவில் விக்கும் கார்

“லக்‌ஷனுக்குச் சொல்லிப்போடாதை. அவன் வேலையாலை வாறதுக்குள்ளை சரியாக்கி விடு, தம்பி.”

பரமேஸ்வரன் சித்தப்பா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த அந்த வீட்டில் அப்போது அவர்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை.

றஜீவன் சித்தப்பாவின் மகன் லக்‌ஷனுடைய புதுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கணினி படித்துவிட்டு வேலை தேடி அலைகிறவன். இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாதா என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

“என்ன செய்யுது, சித்தப்பா?”

“இழுத்து இழுத்து ஓடுது. பின்னேரத்திலை ரெண்டு பேரும் கார் ரேஸ் விளையாடுறனாங்கள். நான் அந்தப் பழைய மெஷினிலை, அவன் இதிலை. வளைவு வந்தால் அவன்ரை கார் விக்கி விக்கி நிக்கும். நான் வெட்டிக்கொண்டு போயிடுவன்!”

சிரித்தபடி வலக்கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் முழுதாக விரியவில்லை.

“நரம்பு வருத்தமாம், கை வரவரச் சோருமாம். டொக்டர் சொல்லுறார். எங்கை சோருது? ஒரு இளந்தாரியை எல்லோ வெல்லுது! ஆனால் பிள்ளை பாவம். நல்ல மெஷினோடை ஒருக்கா நேருக்கு நேர் ஓடட்டும்.”

றஜீவன் கொஞ்சம் துழாவினான். காரணம் அகப்பட்டது.

“இதின்ரை மூளைக்குள்ளை ரெண்டு வகைக் கோர் இருக்கு, சித்தப்பா. பெரிசு கஷ்டமான வேலைக்கு. சின்னது பின்னாலை ஓடுற சில்லறை வேலைக்கு. கேம் பெரிசிலை ஓடவேணும். இவன் அதைச் சின்னதிலை மட்டும் ஓடும்படி கட்டிப்போட்டிருக்கிறான்.”

“ஏனாம்?”

“ஏதாவது வீடியோ பாத்து நோண்டியிருப்பான். இவ்வளவு திறமான மெஷினை வைச்சுக்கொண்டு... விசரன்.”

கட்டை அவிழ்த்துவிட்டு ஓட்டிக் காட்டினான். கார் வளைவில் வழுக்கிக்கொண்டு போனது.

“படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான்!” சித்தப்பா முதுகில் தட்டினார்.

நோர்பரியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் றஜீவனுக்கு அந்தத் தட்டு இனித்தது.

அன்று சாப்பிட உட்காரும்போது லக்‌ஷன் போனில் வந்தான்.

“அண்ணா, என்ரை பிசியிலை கை வைச்சது நீங்களோ?”

“ஓமடா! இப்ப எப்பிடி ஓடுது?”

“எல்லா ரேஸும் நான்தான் வெண்டனான்.”

குரல் உடைந்திருந்தது.

“அதுக்கு ஏன்டா அழுறாய்?”

“நான் வேணுமெண்டு மெதுவா ஓடினால் அப்பா கண்டுபிடிச்சிடுவார், அண்ணா. முந்தி ஒருக்காப் பிடிச்சுப்போட்டு என்னோடை கதைக்கவே இல்லை. மெஷின் விக்கினால் நம்புவார். அதுதான் கட்டி வைச்சனான்.”

றஜீவன் சோற்றில் வைத்த கையை எடுத்தான்.

“தோத்தாப்பிறகு அப்பா கனநேரம் தன்ரை கையையே பாத்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டுத் தட்டை என்ரை பக்கம் தள்ளி, ‘தீத்திவிடு, பிள்ளை’ எண்டு வாயைத் திறந்தார்... இண்டைக்கு மத்தியானமும் தன்ரை கையாலைதான் சாப்பிட்டவர், அண்ணா.”