பொம்மைப் படம்

விமானத்தில் நூற்றெண்பது பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கடும் பனிமூட்டம். ஓடுபாதைக்குப் போகும் வழியில், டவரின் உத்தரவுக்காக விமானம் நின்றிருந்தது.

"நாம எந்த இடத்துல நிக்கறோம்னு இந்தப் புதுத் திரையில மேப் வரும் சார். பனியில ரொம்ப உதவும்" என்றாள் துணை விமானி.

கேப்டன் உதட்டைப் பிதுக்கினார்.

"இருபத்தெட்டு வருஷமா ஓட்டறேன். எனக்கு வழி காட்ட ஒரு பொம்மைப் படமா? உங்க காலத்துப் பிள்ளைங்க வீட்டுக்குள்ள பாத்ரூம் போகக்கூட மேப் கேப்பீங்க போலிருக்கு."

காலையிலிருந்து இது நாலாவது குத்தல். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார். சரியான பாதையிலதானே இருக்கோம்?"

வேண்டாவெறுப்பாகத் திரையைப் பார்த்தார்.

"இருக்கோம், இருக்கோம். இதோ குட்டி விமானம், ஓடுபாதையைப் பார்த்து நிக்குது. போதுமா?"

அவள் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் இன்னும் மேப்பைப் போடவே இல்லை. இது கதவெல்லாம் மூடியிருக்கான்னு விமானப் படம் போட்டுக் காட்டற பக்கம்."

கேப்டன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"தூரத்துல எல்லாம் நல்லாத் தெரியுதும்மா. கிட்டத்துலதான் மங்கல். கண்ணாடி போட்டா கிழவன்னு சொல்லுவாங்க."

"போட்டுக்கிட்டு ஓட்டினா கிழவன்னுதான் சார் சொல்லுவாங்க. போடாம ஓட்டினா, சொல்றதுக்கு யாரும் மிஞ்ச மாட்டாங்க" என்றவள் ரேடியோவை எடுத்தாள்.

"டவர், நாங்க கிளம்பலை. எங்களை இழுத்துட்டுப் போக ஒரு வண்டி அனுப்புங்க."