தபால் பெட்டி எண் 212

“இன்னிக்கும் இல்லையா சார்?”

கெருபோவின் கைகளில் அடுக்க வேண்டிய புத்தகங்கள் ஏழு இருந்தன. தபால் நிலையத்திலிருந்து வந்த நூலகர் ஓம்வெங்கா, படியேறும்போதே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“இல்லம்மா. பெட்டிக்குள்ள கையை விட்டுத் தடவிக்கூடப் பார்த்துட்டேன். ஒரு பல்லிதான் உக்காந்திருந்துச்சு. அதுக்கும் கடிதம் வரலையாம்.”

கெருபோ சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. நைரோபியில் செவிலியர் படிப்புக்கு அவள் விண்ணப்பித்தது மே மாதம், இப்போது அக்டோபர். அடுத்த மார்ச்சில் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த வருடம் விட்டால் பிறகு எப்போதும் இல்லை.

அவர்கள் ஊரான கீசியில் வீட்டு வாசலுக்குத் தபால் வராது. தபால் நிலையத்தில் சொந்தப் பெட்டி இல்லாதவர்கள் பள்ளி, தேவாலயம் என்று யாருடைய எண்ணையாவது கேட்டு வாங்கித்தான் விண்ணப்பத்தில் எழுதுவார்கள். கெருபோ கேட்டதும் நூலகத்தின் 212ஐ எழுதிக்கொள்ளச் சொன்னவர் ஓம்வெங்கா.

அதோடு விடவில்லை. ஏழு வருடமாக உதவியாளர் நியாஞ்சாமாவிடம் இருந்த பெட்டிச் சாவியை ஜூன் மாதம் தானே வாங்கி வைத்துக்கொண்டார். “அவ எங்கயாவது தொலைச்சிட்டா உன் வாழ்க்கையே போயிடும்” என்றார். அலுவலகத் தொலைபேசியிலிருந்து கல்லூரிக்கு இரண்டு முறை பேசி, தேர்வானவர்களின் இரண்டாவது பட்டியல் இனிமேல்தான் வரும் என்று கேட்டுச் சொன்னவரும் அவர்தான்.

அந்த நன்றிக்குத்தான் கெருபோ தினமும் எட்டரை மணிக்கு வந்து, சம்பளம் இல்லாமல் ஐந்து மணிவரை புத்தகம் அடுக்கினாள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் அவளுக்குத் தெரியும்.

“ஏ பொண்ணு!” கவுன்டரிலிருந்து நியாஞ்சாமா கத்தினாள். “உனக்கு வேற வேலை இல்லையா? தினம் வந்து தூசி தின்னுக்கிட்டு நிக்கிற! பஸ் ஏறி அந்தக் காலேஜுக்கே போய்க் கேளேன். இங்க நிக்காத, போ!”

“நியாஞ்சாமா! வாசகர்கிட்ட பேசற பேச்சா இது?” ஓம்வெங்கா அதட்டினார். பிறகு கெருபோவிடம் குரலைத் தாழ்த்தினார். “கடிதம் இல்லாம போனா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்கம்மா. பஸ் காசும் தண்டம். அவ கிடக்கிறா, நீ பொறு.”

பதினோரு மணிக்கு நைரோபியிலுள்ள நூலகத் தலைமையகத்திலிருந்து திருமதி கெண்டி வந்தார். வாசகர் சேவையில் சிறந்த கிளைக்கு அந்த வருடம் பரிசு. அந்தக் கிளையின் நூலகருக்குத் தலைமையகத்தில் பதவி.

“தேனீ வளர்க்கிறது பத்தி ஏதாவது இருக்கா?” என்று கேட்டுவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பதாவது வினாடியில் கெருபோ புத்தகத்தை நீட்டினாள்.

“மூணு கிளை பார்த்துட்டு வர்றேன். அங்கெல்லாம் தேனீயே வந்து தேடினாலும் கிடைச்சிருக்காது” என்றார் கெண்டி. “இந்தப் பொண்ணு போயிட்டா உங்க கதி என்ன சார்?”

“எங்க போவா மேடம்? நம்ம பொண்ணு.” ஓம்வெங்கா வாய்விட்டுச் சிரித்தார்.

கெண்டி அவளைத் தனியாக அழைத்துப் போய் உட்காரவைத்தார். “பயப்படாம சொல்லும்மா. இங்க உன்னை எப்படி நடத்தறாங்க?”

“சார் எனக்கு அப்பா மாதிரி மேடம்.”

“மத்தவங்க?”

கெருபோ தயங்கினாள். ஒருவருடைய பிழைப்பைப் பற்றிய பேச்சு என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஐந்து மாத அவமானம் அவளைப் பேசவைத்தது. “நியாஞ்சாமா அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது மேடம். தினமும் போ போன்னு துரத்துறாங்க.”

கெண்டி அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

நான்கு மணிக்குத் தேநீரும் மந்தாஸி என்ற பொரித்த ரொட்டியும் பரிமாறினார்கள். பரிசு கீசி கிளைக்குத்தான் என்று கெண்டி அறிவித்தார். வாசகர்கள் மேசையைத் தட்டினார்கள். அடுத்து நியாஞ்சாமாவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தைக் கொடுத்தார்.

“இன்னொரு புகார் வந்தா நேரா வீட்டுக்குத்தான். மூணு பிள்ளைங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டு என்கிட்ட வராதீங்க.”

நியாஞ்சாமா இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டாள். கெருபோவை அவள் ஒரு முறை பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள் கெருபோ. ஆனால் அந்த முகத்தில் கோபம் இல்லை. அது கெருபோவுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

கிளம்பும் முன் கெருபோ ஓம்வெங்காவிடம் போனாள். “நீங்க நைரோபி போயிட்டா பெட்டியை யார் சார் பார்ப்பாங்க?”

“ஜனவரி வரைக்கும் இங்கதாம்மா இருப்பேன். அதுக்குள்ள வந்துடும்.” அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினார்.

ஐந்தேகாலுக்கு நூலகத்தில் இரண்டே பேர்தான். நியாஞ்சாமா ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஓம்வெங்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், என் வேலை போனா நான் பார்த்துக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்க.”

ஓம்வெங்கா பரிசுச் சான்றிதழைச் சுவரில் சாய்த்துவைத்து, கோணலாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“ஆகஸ்ட்லயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவ, இப்ப அந்தக் கடிதத்தைக் குடுத்தா அவ மனசு தாங்குமா?”