பெறாமகள்

மூன்றாவது தடவையாகவும் அவள் அந்தக் கட்டத்தில் 'மகள்' என்றே எழுதினாள்.

மேசைக்கு அப்பால் நின்ற எல்லைக் காவலன் படிவத்தை வாங்கினான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சின்ன வயது. நேற்றும் இவன்தான். முந்தாநாளும் இவன்தான்.

"தாயின் பெயர் யோகராணி என்று இருக்கிறது," என்றான் ஜெர்மனில். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் விரலை வைத்திருந்தான். "நீங்கள் யோகராணி இல்லையே."

"யோகராணி என் தங்கை. ஷெல் விழுந்து செத்துப்போனாள். ஆறு வயதிலிருந்து இவளை வளர்த்தது நான்."

"அப்படியென்றால் இவர் உங்களுக்கு நிஹ்டெ."

நிஹ்டெ.

நிஹ்ட் என்றால் இல்லை. அதன் வாலில் ஓர் எகரத்தை ஒட்டினால் தங்கையின் மகள். யார் கண்டுபிடித்த மொழியோ.

தமிழிலும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பெறாமகள் என்பார்கள். ஆனால் அந்தச் சொல் மகள் என்றுதான் முடியும். அதை இவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

"பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும்தான் கடக்கலாம். நான் போட்ட சட்டம் இல்லை, அம்மணி."



சுவிஸின் க்ரொய்ஸ்லிங்கன் இந்தப் பக்கம். ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் அந்தப் பக்கம். ஒரே தெரு. சனிக்கிழமைகளில் மலிவாக இறைச்சி வாங்க இந்தத் தெருவால்தான் தள்ளுபையை உருட்டிக்கொண்டு போய்வருவாள். எல்லை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

கிருமி வந்தது. வேலி போட்டார்கள்.

சனங்கள் வேலிக்கூடாகக் கை கோத்தார்கள். சிலர் முத்தமும் கொடுத்தார்கள். உடனே இரண்டு மீற்றர் தள்ளி இன்னொரு வேலி போட்டார்கள்.

இரண்டு வேலிக்கும் நடுவில் புல் வளர்ந்துகொண்டிருந்தது. மடக்குக் கதிரையில் இருந்த ஒரு கிழவர் அந்தப் பக்கத்துக் கிழவிக்குச் சத்தமாகப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அப்பால் ஏரி. ஏரிக்கு அப்பால் பனி மூடிய மலைகள், ஒரு குறையும் இல்லாமல் கலண்டரில் இருப்பதுபோலவே இருந்தன. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது வேலிக்குப் பின்னால் சாருகா நின்றாள்.

பிள்ளைப்பேற்றுக்குச் சொன்ன நாள் கடந்து இரண்டு நாளாயிற்று. வேலை விஷயமாகத் தோகாவுக்குப் போன கணவன் விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் அவளும் அவள் வயிறும்தான்.

"பெரியம்மா, விடுங்கோ. குளிருக்குள்ளை நிக்காமல் வீட்டை போங்கோ."

"நீ சும்மா இரு பிள்ளை. இண்டைக்கு இவனோடை கதைச்சுப்போட்டுத்தான் போவன்."

கதைப்பதற்கு என்ன மிச்சம் இருந்தது? போன கிழமை ஒருவன் தன்னுடைய குதிரைக்குத் தீன் வைக்க வேண்டும் என்று சொன்னான். இதே மேசையில்தான். ஒரு முத்திரை குத்தி விட்டுவிட்டார்கள். குதிரைக்கு இருக்கிற நியாயம் கூட அவளுக்கு இல்லை.

"சட்டப்படி தத்தெடுத்த பத்திரம் ஏதாவது?" என்று கேட்டான் காவலன்.



சாருகா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நகரசபையில் ஒரு பெண் அதைத்தான் சொன்னாள். நல்ல மனுசி. படிவத்தைக்கூடத் தானே நிரப்பித் தருவதாகச் சொன்னாள். இவளுக்குத்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. என்ரை பிள்ளையை நான் ஏன் தத்தெடுக்க வேணும் என்று கேட்டுவிட்டு எழும்பி வந்தாள். இரண்டு நாள் யாரைக் கண்டாலும் அதைச் சொல்லித் திட்டினாள்.

ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்டார்கள்.

"இல்லை," என்றாள்.

காவலன் தாள்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினான். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அதனால் யாருக்கு என்ன லாபம்?

அப்போது அந்தப் பக்கம் சாருகா வேலிக் கம்பியை எட்டிப் பிடித்தாள். மற்றக் கை இடுப்புக்குப் போனது. முழங்கால் மடிந்தது.

"அம்மா…"

கிழவர் வாசிப்பதை நிறுத்தினார்.

"அம்மா… அம்மா…"

அந்தப் பக்கத்துக் காவலன் வாக்கி டாக்கியில் அம்புலன்ஸ் கேட்டுக் கத்தினான். இவன் மேசையை விட்டு வெளியே வந்தான். சாருகாவைப் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்தான். ஜெர்மன் பேசுகிறவனுக்கும் விளங்குகிற சொல்தான்.

வாசல் சங்கிலியில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"உங்களைத்தானே கூப்பிடுகிறார்?"

இருபத்துமூன்று வருஷத்தில் சாருகா ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பெரியம்மாதான். அவளும் அதை ஒரு குறையாக எவரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சொன்னதில்லை.

வலி வந்தால் தமிழில் எவருக்கும் வாயில் வருகிற சொல் அது. கதவில் விரல் நசுங்கினால் வரும். கல் தடுக்கினால் வரும். தாயே இல்லாதவர்களுக்கும் அதுதான் வரும்.

இதை இவனுக்கு ஜெர்மனில் சொல்ல அவளால் முடியும்.

"ஓம்," என்றாள். "என்னைத்தான்."