வெட்டுத்துணி

"இன்னிக்கும் அடைச்சு வெச்சிருக்கான் படுபாவி!"

பாலத்தக்கா கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தாள். மண்ணோடு கலர் கலராகத் துணித் துண்டுகள் வந்தன; தேங்கியிருந்த மழைத் தண்ணீர் கீழே இறங்கியது.

பாலத்தின் வடிகால் ஓட்டைகளையும் இணைப்பு இடுக்குகளையும் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை; பெயரே அதனால் வந்ததுதான். மற்ற ஓட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்கும். இது மட்டும் மழை வந்தாலே அடைத்துக்கொள்ளும்.

போன மழையில், தேங்கிய தண்ணீரில் பைக் வழுக்கி ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. தூக்கிவிட்டவள் இவள்தான். அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"விடுக்கா, எடுத்துப் போட்டுட்டுப் போவோம்" என்றாள் கூட வேலை செய்பவள். அவள் தூக்கிய சாக்கின் கிழிசல் வழியாக, அள்ளிய மண் பாதி ரோட்டிலேயே கொட்டியது.

"இன்னொருத்தி விழணுமா? ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வர்றேன்."

விறுவிறுவென்று படியிறங்கினாள்.

நேர் கீழே ஒரு தையல்காரர். அவள் குடைந்துவிட்ட அழுக்குத் தண்ணீர் மேலிருந்து கொட்ட, மெஷினையும் துணிகளையும் முதுகால் மறைத்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார். காலடியில் அதே வெட்டுத்துணி.

"மனசாட்சி இருக்கா உங்களுக்கு? மேல ஒரு பொண்ணுக்குக் கை உடைஞ்சு போச்சு!"

அவர் முகம் வெளுத்தது. "சத்தியமாத் தெரியாதும்மா. தண்ணி கொட்டி ஊரார் துணியெல்லாம் கறையாகுது, அதான் அடைச்சேன். எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"இனி ஒரு நூல் அதுக்குள்ள இருந்தாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

மறுநாள், தன் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் பைப்பைக் கழற்றி வந்தாள். வீட்டுக்காரர் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டைக்கு அடியில் அதை மாட்டி, தண்ணீரைத் தூணுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். தையல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

'சரியான கல்நெஞ்சு' என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வானம் இருட்டிய அன்று, தையல்காரர் அக்குளில் துணி மூட்டையோடு பாலத்தில் ஏறி வந்தார். நேராக அந்த ஓட்டைக்கே வந்தார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பியை ஓங்கிவிட்டாள்.

"பைப் மாட்டிக் கொடுத்தும் திருந்தலையா நீங்க?"

அவர் மூட்டையை உதறி விரித்தார். வெட்டுத்துணிகளை இரட்டையாக மடித்துத் தைத்த, அகல வாய் வைத்த பெரிய பை.

"உங்க சாக்கு மாதிரி இது கிழியாதும்மா. நான் பிடிச்சுக்கறேன், மண்ணை இதுல அள்ளிப் போடுங்க. எல்லா ஓட்டையையும் பார்த்துடுவோம்."